சிறவிக்கு நட்ட வயல்

என் கணவர் மஸ்கட் பக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். கல்யாணமான மறு வருஷம் போனவர், தலை நரைத்துத்தான் திரும்பி வந்தார். நடுவில் விடுமுறைக்கு வந்துபோனதையெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் ஒன்றாக இருந்த காலம் கொஞ்சம்தான். பாலைவனத்தில் ரோடு போடுகிறவர்களும் கட்டடம் கட்டுகிறவர்களும் தங்கியிருக்கும் முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. ஊருக்கு வந்தால் சொந்தமாக நஞ்சை வாங்கி நெல் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விவசாயம் செய்ததில்லை. வலங்கைமானில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை உண்டு. அவருடைய அத்தா வைத்தது. அவர் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க நான்தான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்புவதற்கு முந்திய கோடையில் அவருடைய அண்ணன் ஒரு நிலத்தைப் பார்த்துப் பேசி முடித்தார். போனில் படமும் அனுப்பினார். சித்திரை மாதம், ஊரெல்லாம் வயல் வெடித்துக் கிடக்கிற நேரம், அந்தப் படத்தில் மட்டும் தண்ணீர் பளபளவென்று நின்றது. "தண்ணிக்குக் கஷ்டமே வராதுடா தம்பி" என்று அண்ணன் சொன்னாராம். எங்களுக்கு விஷயம் தெரியவில்லை. நல்ல நிலம் கிடைத்துவிட்டது என்று நான் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பூந்தி வாங்கிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். முன்னால் வைத்திருந்தவர் அந்த வயலின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றிருந்தார். சுற்றியிருந்த வயல்களைவிட அது இடுப்பளவு பள்ளமாகிவிட்டது. அதை ஒட்டி ஓடிய வடிகாலோ வண்டல் சேர்ந்து, நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, வாய் அடைத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் எங்கள் வயலுக்கு வந்து சேரும். போவதற்குத்தான் வழியில்லை. கோடையில் முழங்கால் அளவு, மழைக்காலத்தில் மார்பளவு. வருஷம் முழுக்கத் தண்ணீர். பட்டாவில் நஞ்சை என்றுதான் இருந்தது. ஊரில் அதைக் குட்டை என்றுதான் சொன்னார்கள்.

அவர் அசரவில்லை. முதல் வருஷம் எல்லோரையும் போலச் சம்பா நட்டார். ஐப்பசி மழையில் பயிர் மூழ்கி அழுகிப்போனது. காற்றடித்தால் அந்த வாடை ரோடு வரைக்கும் வந்தது. அடுத்த வருஷம் யாரோ சொன்னார்கள் என்று காட்டுயானம் விதை வாங்கிவந்தார். அது பழைய ரகம். தண்ணீர் ஏற ஏறத் தானும் வளரும், ஆள் உயரத்துக்கு மேலே போகும். சிவப்பு அரிசி. அது உண்மையிலேயே வளர்ந்தது. கார்த்திகையில் கதிர் வந்தது. வயல் அழகாகத் தலைசாய்த்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதிதாகக் கல்யாணமான பையன் மாதிரி இருந்தார்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் விடிவதற்கு முன்னால் சுபுஹு தொழுதுவிட்டு, "வா, அறுப்புக்குப் பக்குவமான்னு பாத்துட்டு வருவோம்" என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பனி இன்னும் விலகவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறினோம். அவ்வளவுதான். வயல் முழுக்க ஒரே சமயத்தில் விசில் அடித்த மாதிரி சத்தம். எங்கள் தலைக்கு மேலே பழுப்பு நிறத்தில் பறவைகள் எழுந்தன, எழுந்துகொண்டே இருந்தன. சிறகு அடிக்கிற காற்று முகத்தில் பட்டது. நான் பயந்துபோய் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சிறவி என்பார்கள். காட்டு வாத்து. பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும். வானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நாங்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துத் தைரியம் வந்து, தூரத்து மூலையில் மறுபடி இறங்கின.

பனி விலகியதும் வயலைப் பார்த்தோம். தாள் எல்லாம் வளைந்து தண்ணீரில் படுத்திருந்தது. கதிரை இழுத்துப் பார்த்தால் வெறும் காம்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அறுக்க என்ன இருக்கு மச்சான்? எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருச்சுங்க."

அவர் ஈர வரப்பிலேயே உட்கார்ந்தார். பிறகு சிரித்தார்.

"சரி விடு. யாரோ ஒருத்தருக்காவது இந்த வயல் சோறு போட்டுச்சுல்ல."

"நாம என்னத்தத் தின்னுறது? தண்ணியவா?"

"நமக்குத்தான் கடை இருக்கே" என்றார்.

கோபத்தோடுதான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவர் ஒரு கதையைச் சொன்னார். அங்கே பாலைவனத்தில் லாரியை நிறுத்தினால், அடியில் குழாய் சொட்டுகிற இடத்துக்கு எங்கிருந்தோ குருவிகள் வந்துவிடுமாம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி இருக்காது. அதுகள் எங்கே இருந்தன, எப்படித் தெரிந்துகொண்டன என்று அவருக்கு விளங்கவில்லையாம். அவர் குழாயை முழுக்க முறுக்காமல் கொஞ்சம் தளர்த்தி வைப்பாராம். மேஸ்திரி திட்டும்போது, வாஷர் போய்விட்டது என்று சொல்லிவிடுவாராம். இத்தனை வருஷத்தில் போனில் ஒருதரம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. சம்பளம், பிள்ளைகள் படிப்பு, உடம்பு, வீட்டுக் கூரை, இதுதான் எங்கள் பேச்சாக இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து அவர் சிறவிகளுக்காகவே நட ஆரம்பித்தார்.

இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம். கடைக்கு வருகிறவர்கள், "பாய் என்னங்க, இந்த வருஷமும் அந்தக் குட்டையிலயே நிக்கிறாரு?" என்று கேட்பார்கள். "ஏதோ ஆராய்ச்சி பண்றாரு" என்று சொல்லி வைத்தேன்.

வைகாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காட்டுயானம் நாற்று விட்டார். கோழிகள் கிளறாமல் இருக்க அதைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினேன். வாங்கியதிலிருந்து நான் கட்டாத சேலை அது. நாற்று நன்றாக உயர்ந்ததும், ஆனியில், வயலில் தண்ணீர் குறைந்திருக்கும்போது நட வேண்டும். முழங்கால் தண்ணீரில் நாற்றுக்கட்டை எங்கே வைப்பது? இரண்டு நாள் தோளில் சுமந்து பார்த்தார். லாரிக் கிளட்ச் மிதித்து மிதித்து ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த முட்டி வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் நான் கடையிலிருந்து, கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற பெரிய அலுமினிய தேக்சா ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். லேசாக அடி நசுங்கி விலை போகாமல் கிடந்தது. தண்ணீரில் போட்டதும் அது படகு மாதிரி மிதந்தது. நாற்றையெல்லாம் அதில் அடுக்கி, ஒரு கையால் தள்ளிக்கொண்டே அவர் நட்டுக்கொண்டு போனார். முட்டி வலித்தால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் கடைசியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். சேறு விரல் இடுக்கில் ஏறியபோது உடம்பு கூசியது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.

நெல் மட்டும் போதாது என்று அவருக்குப் பட்டது. சிறவிகள் எதைத் தின்கின்றன என்று கரையில் உட்கார்ந்து கவனிப்பார். குளத்துப் பக்கம் போய்க் கொட்டிக்கிழங்கு பறித்துவருவார். சின்ன வயதில் நாங்களே பறித்து அவித்துத் தின்றதுதான், கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். அதைக் களிமண்ணில் உருட்டித் தண்ணீரில் போடுவார். அல்லிக்கிழங்கில் கல்லைக் கட்டி முக்குவார். குதிரைவாலியை அப்படியே தூவினால் காற்று ஒரு ஓரமாக ஒதுக்கிவிடும் என்று, அதையும் களிமண்ணில் பிசைந்து எலுமிச்சை அளவில் உருண்டை பிடிப்போம். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் முறம் வைத்து நான் உருண்டை பிடித்திருக்கிறேன். குழம்புச்சட்டி வாங்க வந்த ஒரு அம்மாள் அதைப் பலகாரம் என்று நினைத்து, "இது என்ன பாயம்மா, புதுசா?" என்று கேட்டாள்.

வயலுக்கு வடக்கே ஒரு அக்காவின் நிலம் இருந்தது. எங்களைவிட வயதில் மூத்தவர், கணவர் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே நின்று பார்ப்பார். வாய் கொஞ்சம் நீளம். ஆவணிக் கடைசியில் அவர் முளைகட்டிய விதைநெல்லைச் சேற்றில் தெளித்திருந்தார். மறுநாளே காலையில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். காலில் சேறு காயவில்லை. கடையில் நாலு பேர் பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய், உங்க வாத்து என் வெதநெல்லைப் பூரா தின்னுட்டுப் போயிருக்கு."

இவர் எழுந்து நின்றார். "அது எங்க வாத்து இல்லக்கா. காட்டு வாத்து."

"சோறு போடுறது யாரு?"

அக்கா விடவில்லை.

"நீங்க ஆசைக்கு வளக்குறீங்க, நான் வயித்துக்கு வெதைக்கிறேன். உங்க வயல்ல படுத்துத் தூங்கிட்டு என் வயல்ல வந்து திங்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"தப்புதாங்க அக்கா" என்றார். "நாளைலேருந்து நான் பாத்துக்கிறேன்."

என்ன பார்த்துக்கொள்வார் என்று எனக்கும் புரியவில்லை, அந்த அக்காவுக்கும் புரியவில்லை. அக்கா மறுபடி விதை தெளித்தார். மறுநாள் விடியலில் இவர் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய் அக்காவின் வரப்பில் நின்றார். சிறவி இறங்கும்போதெல்லாம் தட்டினார். பயிர் பச்சை பிடிக்கிற வரைக்கும் தினமும் போனார். எதற்காக வருஷம் முழுக்கச் சேற்றில் கிடந்தாரோ அதையே விரட்டிக்கொண்டு நின்றார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். தட்டுகிற சத்தத்துக்கு அதுகள் எழுந்து எங்கள் வயலில் போய் இறங்கும். இவர் கையை நிறுத்திவிட்டு அதுகளையே பார்ப்பார். திரும்ப ஒன்றிரண்டு அக்காவின் வயலுக்கு வரும். "உன்னைத்தானே அங்க போன்னேன்" என்று சொல்லி மறுபடி தட்டுவார்.

அந்த அக்கா மூன்று நாள் தூரத்திலிருந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் ஒரு தூக்கில் டீ கொண்டுவந்து வரப்பில் வைத்தார்.

"உக்காந்து குடிங்க பாய். அந்தத் தட்ட இப்படிக் குடுங்க, நான் தட்டுறேன்."

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. அக்கா விதைக்கப்போகும் நாளை முன்கூட்டிச் சொல்வார். அந்த நாட்களில் இவரும் முளைகட்டிய நெல்லை எங்கள் வயலின் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் தூவுவார். பெரும்பாலும் அதுகள் எங்கள் பக்கம் தங்கிவிடும். முழுக்கத் தடுக்க முடிந்ததில்லை. கொஞ்சம் சேதம் ஆனால் அக்கா வந்து திட்டிவிட்டுப் போவார், மாலையில் முருங்கைக்கீரை கொடுத்தனுப்புவார்.

அந்தச் சில வருஷங்களை இப்போது நினைத்தால், எங்கள் கல்யாண வாழ்க்கையே அப்போதுதான் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது. மார்கழி, தை மாதங்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் போவோம். கடையை மத்தியானத் தொழுகைக்குப் பிறகு திறந்தால் போதும். பிளாஸ்கில் இஞ்சி டீ, ஒரு பொட்டலம் வர்க்கி. சிறவி மட்டுமல்ல, எங்கிருந்தோ தூர தேசத்து வாத்துகளும் வர ஆரம்பித்திருந்தன. எனக்குப் பேர் எதுவும் தெரியாது. நானாகப் பேர் வைத்துக்கொள்வேன். ஒன்றுக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைக்கோடு இருக்கும், அதற்குப் புருவக்காரன் என்று பேர். மூக்கு நுனியில் மஞ்சள் வைத்ததற்கு மஞ்சமூக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல ஒரு குட்டி வாத்து, வெள்ளையும் கறுப்புமாக, அல்லி இலைகளுக்கு நடுவே கிடக்கும். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூக்கால் தண்ணீரைச் சளசளவென்று சலித்துக்கொண்டே போவதைப் பார்த்தால், நான் கடையில் சல்லடை விற்கும்போது ஆட்டிக் காட்டுவது நினைவுக்கு வரும்.

கூட இருந்து பேசிப் பழகாத இரண்டு பேர் நாங்கள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாமல் இருந்தது. வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சு தானாக வந்தது. அவர் அறையில் கூட இருந்த மலையாளி இறந்துபோனது, பெருநாளைக்குத் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தது எல்லாம் அங்கேதான் சொன்னார். மகனுக்கு டைபாய்டு வந்தபோது நான் போனில் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னதை அங்கேதான் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். "உன் கொரல்லயே தெரிஞ்சுது. கேட்டா நீ அழுதுருவேன்னு கேக்கல."

ஒரு தையில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தரங்கம்பாடிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டாம் மாதம், வீட்டுக்குள் உட்கார முடியாமல் எரிச்சல். "அத்தா, உங்க வாத்தைக் காட்டுங்க" என்று ஒரே பிடிவாதம். நான் வேண்டாம் என்றேன், வரப்பு வழுக்கும். அவர் விடிவதற்கு முன்னாலேயே போய் வரப்பில் வைக்கோல் பரப்பிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். வெயில் ஏறுகிற வரைக்கும் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அக்கா வந்து அவள் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தார். "பொம்பளப் புள்ளதான் பாரு" என்றார். ஆண்தான் பிறந்தது.

வடிகால் விஷயம் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

மழை அந்த வருஷம் நிற்கவே இல்லை. எங்கள் வயல் வழக்கம் போல நிறைந்தது. அதற்கு மேலும் தண்ணீர் போக இடமில்லாமல் அக்காவின் வயலிலும் அதற்கு அப்பாலும் ஏறி நின்றது. நட்ட பயிரெல்லாம் வெளுத்துப்போனது. அக்காவுக்குத் தொடர்ந்து இது இரண்டாவது தடவை. வரப்பில் நின்று சத்தம் போடுகிற அந்த மனுஷி, அன்று சத்தமே போடாமல் அழுகிய நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் எல்லோரும் சேர்ந்து, வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்க அக்காதான் வீடு வீடாக வந்தார். எங்கள் கடைக்கு வந்தபோது அவர் காகிதத்தை உடனே நீட்டவில்லை.

"பாய், வடிகாலை வெட்டுனா உங்க தண்ணியும் போயிரும்."

"தெரியுங்க அக்கா. குடுங்க."

இவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அக்கா போன பிறகு நான் கேட்டேன்.

"தண்ணி போயிட்டா வாத்து வராதே மச்சான்?"

"வராது."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"அந்த அக்கா மூஞ்சிய நீ பாத்தேல்ல?" என்றார். எடைத்தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வைகாசியில் மண்வெட்டும் இயந்திரம் வந்தது. வடிகாலின் வாயிலிருந்து காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டது. டிரைவர் பையன்களுக்கு இவர் தினமும் டீயும் வடையும் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வயலுக்கு நேராக வெட்டிய அன்று தண்ணீர் திரும்பியது. முதலில் ஓரத்தில் ஒரு சுழி தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு ஓசையோடு இறங்கியது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வயலின் அடிமண்ணை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தோம். கறுப்புச் சேறு, அதில் படுத்துக் கிடந்த அல்லித்தண்டுகள், துள்ளுகிற கெண்டைக்குஞ்சுகள். கொக்குகளுக்கு அன்று விருந்து. ஊர்க்காரர்கள் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பாய், இனிமே உங்களுதுதான் முதல் தரமான நிலம். இத்தனை வருஷ வண்டல், உரமே போட வேணாம்." இவர் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் பதில் சொன்னார். அவர்கள் போனதும் தேக்சாவை எடுத்துவரச் சொன்னார். வயலின் தென்கோடியில், சூளைக்காரர்கள் ஆழமாகத் தோண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஒரு வீட்டுக் கூடம் அளவுக்கு இருக்கும். அல்லிக்கிழங்குகளையும் கொட்டியையும் பொறுக்கிப் பொறுக்கி அதில் கொண்டுபோய்ப் போட்டார். இருட்டுகிற வரைக்கும் நானும் பொறுக்கினேன்.

அந்தச் சம்பா அமோகமாக விளைந்தது. அக்காதான் உழவு, நடவு எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்து, பாதி நாள் எங்கள் வயலிலேயே நின்று பார்த்தார். தையில் அறுப்பு மிஷின் இறங்கி ஒரு காலைப் பொழுதில் வேலையை முடித்துவிட்டது. அந்த அரிசியை முதன்முதலில் வடித்த அன்று மகனையும் மருமகளையும் கும்பகோணத்திலிருந்து வரவழைத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவரும் "நல்லா இருக்கு" என்றார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார். ஆசைப்பட்ட நெல்தான், ஆசைப்பட்டபடியே விளைந்த நிலம்தான். அவர் சந்தோஷமாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கார்த்திகையிலேயே, அறுப்புக்கெல்லாம் முன்னால், ஒரு விடியற்காலை நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது வானத்தில் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. அவரும் உள்ளேயிருந்து ஓடிவந்தார். கூட்டமாக வயல் பக்கம்தான் போயின. வண்டியை எடுத்துக்கொண்டு அவரும் போனார். வெகுநேரம் கழித்து வந்தார்.

"எறங்குச்சா?"

"ரெண்டு சுத்து சுத்துச்சு. அப்புறம் கெழக்கால போயிருச்சு."

தென்கோடிக் குட்டை அதுகளுக்குப் போதாது. அங்கே இப்போது இரண்டு தாழைக்கோழிகள் மட்டும் இருக்கின்றன. அதைத் தூர்த்து மேடாக்கினால் இன்னும் கொஞ்சம் நெல் வரும் என்று மகன் சொன்னான். அக்காதான், "அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்பா" என்று அவனை அடக்கினார். அவருக்கு முட்டி முடியாமல் போன பிறகு நிலத்தை அக்காவிடமே சாகுபடிக்கு விட்டுவிட்டோம். தேக்சாவை மகன் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தான். நான் விடவில்லை. மாடியில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

போன மார்கழியில் பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தோம். மயிலாடுதுறை தாண்டி, ரோட்டை ஒட்டி ஒரு வயல் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நான் ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தேன். "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்ற சத்தத்தில் விழித்தேன். வண்டி நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

அங்கே சிறவிகள் இருந்தன. எங்களிடம் வந்தது மாதிரியே நிறைய. நடுவில் கோரைப் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை, அதையே கிளறிக்கொண்டிருந்தன. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னுடைய புருவக்காரனைத் தேடினேன். இரண்டு தெரிந்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கண்ணில் புரை வேறு.

மண்வெட்டியோடு வரப்பில் நின்ற ஒரு ஆள் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், எங்கள் மகன் வயதிருக்கும்.

"என்ன சார், எடம் பாக்க வந்தீங்களா? இது வெலைக்கு இல்லீங்க."

"இல்லப்பா. சும்மா நிக்கிறோம்."

"நின்னாலும் இதுல ஒண்ணுமில்ல சார். தண்ணி வடியவே வடியாது. எந்த வெள்ளாமையும் தங்காது" என்று அவர் சலித்துக்கொண்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த ஆளின் தோளில் லேசாகத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ஆளும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்தார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மகள் மூன்று தடவை போன் பண்ணினாள், எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள், சோறு ஆறுகிறது என்று. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று நான் சொல்லிக்கொண்டே நின்றேன்.